மாமாவைக் கேளுங்கள்: விஸ்கி பாயின்ட் ஸ்பெஷல்

அறுகம்பே அலைகளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அன்றிலிருந்து தபால்பெட்டி மூடவில்லை. எல்லோருக்கும் ஒரே ஆசை: பாறை வேண்டாம், மணல் வேண்டும், உயரம் வேண்டாம், நீளம் வேண்டும், கஷ்டம் வேண்டாம், போட்டோ வேண்டும். கடைசி ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் இங்கே பதில் உண்டு.

கே: விஸ்கி பாயின்ட் எங்கே இருக்கிறது மாமா? பெயரைக் கேட்டதுமே நண்பர்கள் நாலு பேர் பெட்டி கட்டிவிட்டார்கள்.
(மதுரை வாசகர்)

ப: இலங்கையின் கிழக்குக் கரை, அம்பாறை மாவட்டம், பொத்துவிலுக்கு வடக்கே. அறுகம்பேயிலிருந்து ஓட்டோ பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அலை நன்றாக இருப்பது காலை ஆறு மணிக்கு. உங்கள் நண்பர்கள் எத்தனை மணிக்குக் கண் விழிப்பார்கள் என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கே: 'பாயின்ட் பிரேக்' என்கிறார்களே, அது என்ன?
(ஈரோடு கல்லூரி மாணவர்)

ப: கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அங்கே வந்து சேரும் அலைக்கு ஆழம் குறைந்த பக்கம் நடை தளரும். ஆழமான பக்கம் அதே வேகத்தில் போகும். அதனால் அலை வளைந்து, முனையைச் சுற்றிக்கொண்டு, ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை வரிசையாக உடைந்துகொண்டே வரும். நேரான கடற்கரையில் அந்த நாகரிகம் கிடையாது. பல நாள் மொத்த அலையும் ஒரே சமயத்தில் மடார். மெரினா அலை அடிக்கும். முனை அலை அழைத்துப் போகும்.

கே: அடியில் மணல் இருந்தால் நமக்கு என்ன லாபம்?
(நாகர்கோவில் வாசகி)

ப: விழுந்தால் தெரியும். அறுகம்பேயின் மெயின் பாயின்ட்டில் அடியில் ரீஃப், அதாவது பாறைத்திட்டு. அங்கே கற்றுக்கொள்ளப் போனவர்களின் முழங்கால்களைச் சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் பார்க்கலாம். விஸ்கி பாயின்ட்டில் பாறை முனையின் தலைமாட்டில் இருக்கிறது. அலை ஓடும் பாதை பெரும்பாலும் மணல். அதற்காகத் தலைகீழாகப் பாய வேண்டாம். முழங்கால் தண்ணீரில் தலை குத்தினால் மணலும் கழுத்தை முறிக்கும். விழும்போது தட்டையாக விழுங்கள், கைகளால் தலையை மூடுங்கள். வீரம் காட்ட வேறு இடம் பார்க்கலாம். கல்யாணப் பந்தி இருக்கிறது.

கே: மணல் என்றால் இடம் மாறுமே? இந்த வருஷம் இருக்கும் அலை அடுத்த வருஷம் இருக்குமா?
(திருநெல்வேலி புவியியல் ஆசிரியர்)

ப: வாத்தியார் கேட்டால் கேள்வி கேள்விதான். மாறும். கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் மணலை அள்ளிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஒரு திட்டு கரையும், சீசனில் மறுபடி சேரும். மனிதன் கை வைத்தாலும் மாறும். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரம் அடைபடுகிறது என்று 2001-ல் பம்பு வைத்து மணலை வடக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த மணல் போய்ப் படிந்த இடத்தில் 'சூப்பர்பேங்க்' என்ற அசுர நீள அலை உருவாயிற்று. அங்கே ஆற்று மணலைத் தொட்டால் உலகப் புகழ் அலை வருகிறது. இங்கே தொட்டால் லாரி வருகிறது.

கே: டிசம்பர் லீவுக்கு வரலாமா?
(கோவை இன்ஜினியரிங் மாணவர்)

ப: வரலாம், குடையோடு. கிழக்குக் கரைக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம். இங்கே சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. டிசம்பர்தான் வேண்டும் என்றால் தீவின் மறுபக்கம் போங்கள்: ஹிக்கடுவ, வெலிகம. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கற்றுக்கொள்கிறவர் ஜூலை, ஆகஸ்ட் நெரிசலைத் தவிர்த்து மேயிலோ செப்டம்பரிலோ வந்தால் உத்தமம். உங்கள் செமஸ்டர் அட்டவணையைப் போட்டவர் அலை ஏறியவர் இல்லை என்பது தெரிகிறது.

கே: கச்சான் காற்று என்றால் எங்கட வாப்பா கடலுக்குப் போக யோசிப்பார். வெள்ளைக்காரர் அதே காற்றில் துள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள். யாருக்குப் பைத்தியம்?
(அக்கரைப்பற்று வாசகி)

ப: இருவருக்கும் இல்லை மகளே. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வாப்பாவின் படகை அது வெளியே தள்ளும். திரும்பி வருவதற்கு எண்ணெய் யார் கொடுப்பது? அலையேறிக்கோ அதே காற்று அலையின் முகத்தில் எதிர்த்து வீசி அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. உடைவது ஒரு கணம் தள்ளிப்போகும், முகம் வழவழப்பாகும். பிற்பகலில் தரை சூடேறிக் கடற்காற்று திரும்பினால் அந்த வழவழப்பு போச்சு. காற்று ஒன்றுதான். ஒருவருக்கு அது பிழைப்பு, மற்றவருக்கு லீவு.

கே: இங்கே காற்றே இல்லாத நாளிலும் அலை வருகிறதே, எங்கிருந்து?
(தஞ்சாவூர் வாசகர்)

ப: அண்டார்ட்டிகாவுக்கு மேலே, தென் இந்தியப் பெருங்கடலில் சுழன்றடிக்கும் புயல்களிலிருந்து. அங்கே காற்று கொந்தளிக்க வைத்த கடல், பயணத்தில் தன்னைத்தானே வரிசைப்படுத்திக்கொண்டு, நாட்கணக்கில் நகர்ந்து, நீங்கள் டீ குடிக்கும் கரையில் வந்து சாகிறது. 14 வினாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும். டவுன் பஸ்ஸைவிட வேகம், அதைவிட ஒழுங்கு.

கே: அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்பதை யார் சொன்னது?
(அதே தஞ்சாவூர் வாசகர், விடுவதாக இல்லை)

ப: வால்டர் மங்க் என்ற கடலியலாளர். இரண்டாம் உலகப் போரில் அவரும் சக கடலியலாளர் ஸ்வெர்ட்ரப்பும் சேர்ந்து வகுத்த அலைக் கணிப்பு முறை நார்மண்டித் தரையிறக்கத்துக்குக் கைகொடுத்தது. 1963-ல் அதே மங்க், தென்கோடிப் புயலில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் தாண்டி அலாஸ்கா வரை போவதைத் தடம் பிடித்தார். படைகளுக்கு ராணுவ ரகசியமாக இருந்த அறிவு இன்று உங்கள் கைப்பேசியில் இலவசம். நீங்கள் அதில் ரீல்ஸ் பார்க்கிறீர்கள்.

கே: ஆப்பில் '3 அடி, 14 வினாடி' என்று காட்டுகிறது. எதைப் பார்ப்பது?
(ஓசூர் ஐ.டி. ஊழியர்)

ப: எல்லோரும் அடியைப் பார்ப்பார்கள், விஷயம் வினாடியில். அது ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. 3 அடி, 6 வினாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சலசலப்பு. 3 அடி, 14 வினாடி என்றால் தூரத்திலிருந்து வந்த சரக்கு: ஆழமானது, முனையைச் சுற்றி நன்றாக வளையும், கரையில் எழும்போது ஆப் சொன்னதைவிடப் பெரிதாகவே எழும். முதல் வாரத்துக்கு 2 அடியும் 10 வினாடியும் தாராளம். மீட்டிங் அழைப்பில் நேரத்தைப் பார்க்காமல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஓகே சொல்லும் பழக்கம் கடலில் செல்லாது.

கே: அலை ஏன் உடைகிறது?
(சிவகாசி, ஏழாம் வகுப்பு)

ப: தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறைந்ததும் அலையால் நிற்க முடியாது. அடிப்பகுதி இழுபடும், தலை முன்னால் கவிழும். மூன்றடி அலை உடையும் இடத்தில் தண்ணீர் நாலடி இருக்கும். கணக்குப் பாடத்தில் வகுத்தல் எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

கே: நாலடித் தண்ணீர்தானே! அப்படியானால் நீச்சல் தெரியாமலே கற்கலாம் அல்லவா?
(கரூர் வாசகர்)

ப: கூடாது.

கே: காலில்தான் கயிறு கட்டுகிறார்களே மாமா?
(மீண்டும் கரூர்)

ப: லீஷ் அறும். அறுந்த பிறகு நீங்களும் கடலும் மட்டும். முதலில் ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டு வாருங்கள். கரூரில் தண்ணீர் இருக்கும் கிணறு கிடைத்தால்.

கே: அந்த லீஷைக் கண்டுபிடித்தவர் யார்?
(புதுச்சேரி வாசகர்)

ப: 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பரவியது. பாட் ஓ'நீல் என்ற இளைஞரின் பெயரைச் சொல்வார்கள். அப்போது ஆஸ்பத்திரியில் பயன்படும் ரப்பர் குழாயைத்தான் கட்டினார்கள். இழுபட்ட ரப்பர் சும்மா இருக்குமா? பலகையைத் திருப்பி எறிந்தது. 1971-ல் பாட்டின் தந்தை ஜாக் ஓ'நீலின் இடது கண் போனது அப்படித்தான். இவர்தான் குளிர்க்கடலுக்கான வெட்சூட்டை விற்றுப் பேர் வாங்கிய ஓ'நீல். பிற்காலப் படங்களில் கண்மறைப்போடு இருப்பார். இன்றைய லீஷ் அவ்வளவு இழுபடாது. ஆனாலும் விழுந்து எழும்போது முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டே எழுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நாடகக் கதாநாயகிகள் கெட்டிக்காரிகள்.

கே: வெட்சூட் வாங்க வேண்டுமா?
(ஊட்டி வாசகர்)

ப: ஊட்டிக்காரர் கேட்கலாம். பொத்துவில் கடல் 28 டிகிரி வாக்கில் இருக்கும். அதில் ரப்பர் சட்டை போட்டால் வேகவைத்த மாதிரி ஆகிவிடுவீர்கள். முழுக்கை லைக்ரா சட்டை போதும். மூக்குக்கும் காதுக்கும் வெள்ளைத் துத்தநாகக் களிம்பு அப்புங்கள். வெயில் மேலிருந்து ஒரு முறை, தண்ணீரில் பட்டு ஒரு முறை என இரட்டை வசூல் செய்யும். லைக்ரா இல்லாமல் மெழுகு தேய்த்த பலகைமேல் இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடந்தவர் அன்று ராத்திரி குப்புறப் படுக்க மாட்டார்.

கே: எந்தப் பலகை எடுக்கலாம்? சின்னதாக, கூர்மையாக ஒன்று பார்த்தேன். செம்ம ஸ்டைல்.
(சென்னை, வயது 19)

ப: தம்பி, அந்தப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பதுதான் ஸ்டைல். ஏறினால் அமிழும். எட்டு, ஒன்பது அடி நீளத்தில் மேலே நுரை ஒட்டிய சாஃப்ட் டாப் கேட்டு வாங்கு. மிதப்பு அதிகம், அலையைச் சீக்கிரம் பிடிக்கும், மண்டையில் பட்டாலும் மண்டை மிஞ்சும். வாடகைக்காரர் உன் தோளைப் பார்த்துச் சின்னப் பலகையை நீட்டினால், உன் பர்ஸைப் பார்த்து நீட்டுகிறார் என்று புரிந்துகொள்.

கே: பலகைக்கு அடியில் மீனுக்கு இருப்பதைப்போல் செவுள் எதற்கு?
(கடலூர் வாசகி)

ப: அது செவுள் இல்லை அம்மா, துடுப்பு, ஃபின். 1935-ல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் முதன்முதலாகப் பொருத்தினார். அதற்கு முன்னால் திரும்ப வேண்டுமென்றால் ஒரு காலைத் தண்ணீரில் போட்டு இழுப்பார்கள். கடலூர்க்காரர் செவுளையும் துடுப்பையும் குழப்பினால் மீன் சந்தையில் உங்களை என்ன விலைக்கு ஏமாற்றுகிறார்களோ!

கே: எல்லோரும் 'ரைட், ரைட்' என்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் ஆட்கள் இடப்பக்கம்தானே போகிறார்கள்?
(சேலம் பஸ் நடத்துநர்)

ப: உங்கள் தொழில்சொல்லை உங்களிடமே விளக்க வேண்டியதாயிற்று. திசை, அலைமேல் கரையைப் பார்த்து நிற்பவரின் கணக்கில். தெற்கிலிருந்து வரும் அலை முனையில் திரும்பி வடக்கே உடைந்துகொண்டு போகிறது. மேற்கைப் பார்த்து நிற்பவருக்கு அது வலது. இந்தக் கரையின் பேர்போன முனைகள் அநேகமாக எல்லாமே ரைட்டுதான். வித்தியாசம் ஒன்று உண்டு: நீங்கள் 'ரைட்' சொன்னால் வண்டி காத்திருந்து நகரும். அலை விசிலுக்கு நிற்காது.

கே: எனக்கு வலது கால்தான் முன்னால் வருகிறது. பயிற்சியாளர் 'கூஃபி' என்று சிரிக்கிறார். குறையா?
(திருப்பூர் வாசகர்)

ப: குறையில்லை, வகை. இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர். ரைட் அலையில் முகம் அலையைப் பார்க்கும். உங்களுக்கு முதுகு பார்க்கும்; கொஞ்சம் கூடுதல் பாடு, அவ்வளவே. எந்தக் கால் முன்வரும் என்று சந்தேகமுள்ளவர்களைப் பின்னாலிருந்து எதிர்பாராமல் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார்கள். தள்ளுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் பங்காளிகளிடம் சொல்லுங்கள்.

கே: தண்ணீரில் இறங்கும் முன்பு என்ன செய்ய வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
(விருதுநகர் வாசகர்)

ப: உட்காருங்கள். ஒரே வரி கேட்டீர்கள், கொடுத்தாயிற்று. இனி என் இஷ்டம். விஸ்கி பாயின்ட்டில் மணலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் இறங்குகிறவரை நான் மாணவன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அலை ஒவ்வொன்றாக வராது, கூட்டமாக வரும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே கடல் அசந்து கிடக்கும். எத்தனை நிமிஷம் அசந்தது என்று பாருங்கள். முதல் வெள்ளை எந்தப் பாறைக்கு நேராக எழுகிறது? தெரிந்தவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எந்த வழியாக வெளியே போகிறார்கள்? எந்த இடத்தில் அலை தட்டையாகி ஆட்கள் பலகையோடு நின்றுபோகிறார்கள்? இதெல்லாம் கண்ணில் பட்ட பிறகு நீங்கள் கூலி கொடுத்து வாங்கும் பாடத்தில் பாதி மிச்சம். பயிற்சியாளர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. மீதிப் பாதிக்கு முழுக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: நான் ஏறிய அலையில் பின்னாலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கத்தினார். வாழ்த்தினாரா?
(நாமக்கல் வாசகர்)

ப: இல்லை. அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அலை அவருக்கு. அவர் ஏறி வரும்போது நீங்கள் முன்னால் குதித்திருக்கிறீர்கள். அதற்கு 'டிராப் இன்' என்று பெயர். கையைத் தூக்கி 'சாரி' சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். அவர் சொன்ன வார்த்தைகளை எனக்கு எழுதி அனுப்பியிருந்தீர்கள். ஆசிரியர் அந்தத் தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறார்.

கே: ஆரம்பக்காரர்களுக்கு ஏற்ற இடம் என்றால் கூட்டம் இருக்குமே?
(வேலூர் வாசகி)

ப: ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ஒரே நிற லைக்ராவில் மூன்று பள்ளிக்கூடங்கள், நடுவே தேனிலவுத் தம்பதி, ஓரத்தில் பலகையை அலைக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு புண்ணியவான். அலை வந்ததும் அந்தப் பலகை அவர் நெஞ்சிலேயே மோதும். பலகையின் மூக்கு எப்போதும் கடலைப் பார்த்திருக்கட்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை வரவே கூடாது. பயந்துபோய்ப் பலகையை விட்டெறிவதுதான் இங்கே பெரிய பாவம். ஒன்பதடிப் பலகையும் அதன் கயிறும் சேர்ந்து பின்னால் இருக்கும் குழந்தை வரைக்கும் போகும். முனையின் நுனியில் தெரிந்தவர்கள் உட்காரட்டும். நீங்கள் கீழே, அலை ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் பக்கம் நில்லுங்கள். மரியாதை என்று நினைத்துச் செய்யுங்கள். முதல் வாரம் அதற்குத் தகுதி என்று பெயர்.

கே: பீனட் ஃபார்ம் நல்லதா, விஸ்கி பாயின்ட் நல்லதா?
(திண்டுக்கல் வாசகர்)

ப: அறுகம்பேக்குத் தெற்கே அது, வடக்கே இது. இரண்டுமே ஆரம்பக்காரரை அடிக்காத ரகம். ஓட்டோக்காரரிடம் கேளுங்கள், எது தூரமோ அதுதான் நல்லது என்பார்.

கே: அலையில் கடைசி வரை போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் கை விழுந்துவிடுகிறது.
(ஆம்பூர் வாசகர்)

ப: கை எதற்கு, கால் இருக்கும்போது? முனையை ஒட்டித் தண்ணீர் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை எதிர்த்து நீந்துவது வெட்டி வேலை. கரையேறி, பலகையைத் தலையில் வைத்து, மணலில் முனை வரைக்கும் நடந்து மறுபடி இறங்குங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். காலணித் தொழில் செய்யும் ஊர்க்காரருக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கே: 'ரிப்' என்றால் ஆளை இழுத்துப்போகும் சுழலா?
(ராமேஸ்வரம் வாசகர்)

ப: சுழல் இல்லை, கீழே இழுக்காது, வெளியே இழுக்கும். அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, நிறம் கொஞ்சம் கறுத்திருக்கும், நுரை கடலை நோக்கி ஓடும். அமைதியாக இருக்கிறதே என்று குடும்பத்தோடு குளிக்க இறங்குவது சரியாக அங்கேதான். மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டுங்கள். முடியவில்லையா, மிதந்தபடி கையைத் தூக்குங்கள். பலகை இருந்தால் அதை விடவே விடாதீர்கள். இதே இழுப்பில் படுத்துக்கொண்டு, கையை வீசாமல் வெளியே போகும் உள்ளூர்ப் பையன் உங்களைப் பார்த்து ஹலோ சொல்வான். அவனுக்கு அது லிஃப்ட்.

கே: முதலை உண்டா?
(திருச்சி வாசகி)

ப: அலையில் தேட வேண்டாம், பக்கத்துக் களப்புகளிலும் நீரோடைகளிலும் உண்டு. 2017-ல் அறுகம்பேக்கு அருகே எலிஃபன்ட் ராக் என்ற இடத்தின் பக்கம் நீர்நிலை ஓரத்தில் ஓர் இளம் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் முதலைக்குப் பலியானார். உப்பைக் கழுவுகிறேன் என்று களப்பில் கை கால் நனைக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு நகைச்சுவை கிடையாது.

கே: சுறா?
(தூத்துக்குடி வாசகர்)

ப: அது உங்களைத் தேடி வருவதைவிட நீங்கள் சுறாப்புட்டு தேடிப் போவது அதிகம். பயப்பட வேண்டியது அது.

கே: பெண்பிள்ளைகள் இதையெல்லாம் செய்யலாமா? மகள் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறாள்.
(கல்முனைத் தாய்)

ப: உங்கள் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறதே சகோதரி. 2018-ல் அறுகம்பேயில் இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃப் கிளப் தொடங்கியாயிற்று. அதற்கும் ஏறக்குறைய நூறு வருஷம் முந்தி, 1922-ல், துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டி தென்னாப்பிரிக்காவில் பலகைமேல் படுத்தபடி அலையேறக் கற்று, அதே பயணத்தில் ஹவாயில் எழுந்தே நின்றுவிட்டார். மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், முழுக்கை லைக்ரா வாங்கிக்கொடுங்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்பவரைக் கண்டுபிடிக்க அகதா கிறிஸ்டி தேவையில்லை. மூன்றாவது வீடு.

கே: சங்க காலத்திலேயே தமிழன் அலைச்சறுக்கு விளையாடினான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மைதானே?
(கும்பகோணம் வாசகர்)

ப: இந்தக் கலை வளர்ந்தது பாலினீசியத் தீவுகளில், ஹவாயில் அரசர்களே ஆடியது. அங்கே பிறந்த டியூக் கஹானமோக்கு 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவர். 1914-15 கோடையில் சிட்னிக்குப் போய், தானே பலகை செதுக்கி ஆஸ்திரேலியர்களுக்கு ஆடிக் காட்டினார். நம் பெருமை வேறு வகை. துறைமுகம் இல்லாத அந்தக் காலச் சென்னையில் கப்பலில் வந்த கவர்னர் முதல் குமாஸ்தா வரை, கயிற்றால் தைத்த மசூலா படகில் உடையும் அலையைக் கடந்துதான் கரை சேர்ந்தார்கள், படகோட்டிகள் நம்மவர்கள். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யக் காணோம். ஏனென்றால் அது உண்மை.

கே: இந்தியாவில் கற்க இடமே இல்லையா? இலங்கை வரை போக வேண்டுமா?
(செங்கல்பட்டு வாசகர்)

ப: உங்கள் மாவட்டத்திலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! கோவளத்தில் மீனவப் பிள்ளைகளே பயிற்சியாளர்கள். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025-ல் அங்கேயே நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கர்நாடகத்தின் முல்கியில் 2004-லிருந்து ஓர் ஆசிரமமே அலையேறக் கற்பிக்கிறது. நிறுவியவரை 'சர்ஃபிங் சாமியார்' என்பார்கள். பறக்கிறேன் என்று சொல்லும் சாமியார்களுக்கு நடுவே, விழுவதை ஊரறியச் செய்து காட்டியவர்.

கே: இது ஒலிம்பிக்கில் இருக்கிறதாமே?
(தர்மபுரி வாசகர்)

ப: டோக்கியோவிலிருந்து இருக்கிறது; 2021-ல் நடந்தது. 2024 ஒலிம்பிக் பாரிஸில். ஆனால் அலையேற்றம் மட்டும் 15,000 கிலோமீட்டருக்கு அப்பால் தஹிதித் தீவில். பாரிஸில் அலை இல்லையே, என்ன செய்வது? கவுன்சலிங்கில் கேட்ட ஊர் கிடைக்காதவர்கள் ஆறுதல் அடையலாம்.

கே: நாங்கள் கரைவலை இழுக்கிற நேரத்தில் பலகையோடு குறுக்கே வருகிறார்கள். ஒரு நியாயம் சொல்லுங்கோ.
(பொத்துவில் மீனவர்)

ப: நியாயம் உங்கள் பக்கம் அண்ணை. வலை வளைத்திருக்கிறது என்றால் அந்தத் துண்டுக் கடல் வலைக்காரருடையது. மிதவையைப் பார்த்ததும் விலகிப்போக வேண்டியது பலகைக்காரர். கயிறு காலில் சிக்கினால் இருவருக்கும் நட்டம். ஒரே வேண்டுகோள்: அந்தப் பிள்ளைகளைத் திட்டும்போது மெதுவாகத் திட்டுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, முழுதும் வீண்.

கே: கதிர்காம யாத்திரை போகும்போது உகந்தை முருகன் கோயிலடியில் பலகையோடு பிள்ளைகள் நிற்கினம். இது அடுக்குமோ?
(யாழ்ப்பாணம், ஆச்சி)

ப: உகந்தைக் கரையிலும் ஒரு முனை அலை இருக்கிறது ஆச்சி, வாசனை பிடித்து வந்துவிடுவார்கள். நீங்கள் காட்டு வழியே கால்நடையாக வருகிறீர்கள். அவர்கள் ஜீப்பில் வந்து களைத்துப்போய் நிற்கிறார்கள். கோயில் எல்லைக்குள் மேல்சட்டை போடாமல் திரிந்தால் அதட்டுங்கள், உரிமை உண்டு. மற்றபடி, மயிலேறி உலகைச் சுற்றியவர் பலகை ஏறுகிறவனைக் கோபிப்பாரா?

கே: நிற்கப் பழக எத்தனை நாள் ஆகும்?
(பெரம்பலூர் வாசகர்)

ப: வெள்ளை நுரையில், கை பிடித்துத் தள்ளிவிட ஆள் இருந்தால், முதல் நாளே நின்றுவிடலாம். தானே கைவீசி, உடையாத அலையைத் தானே பிடித்து, அதன் முகத்தில் பக்கவாட்டாகப் போவதற்கு வாரங்கள் ஆகும். இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பி, தாங்கள் சர்ஃபர் என்று புரொஃபைலில் போடுகிறார்கள்.

கே: எழுந்த உடனே விழுந்துவிடுகிறேன். காரணம்?
(பழனி வாசகர்)

ப: காலைப் பார்க்கிறீர்கள். கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, முழங்காலை மடக்கி, பார்வையைக் கரையில் ஒரு தென்னை மரத்தில் வையுங்கள். முட்டி போட்டு இளைப்பாறிவிட்டு எழும் பழக்கம் வேண்டாம். கால் அங்கேயேதான் இருக்கும். யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

கே: கணவருக்கு இரண்டு வாரம் லீவு. அறுகம்பே போனவர், வேலையை விட்டுவிட்டு அங்கேயே அலையேறி வாழப்போவதாகப் போன் செய்கிறார். என்ன செய்வது மாமா?
(பெங்களூர் வாசகி)

ப: ஒன்றும் செய்யாதீர்கள். அழ வேண்டாம், மாமியாரிடம் சொல்லவே வேண்டாம். அக்டோபர் கடைசியில் காற்று திரும்பும், மழை இறங்கும், கடைக்காரர்கள் பலகைகளை அடுக்கிப் பூட்டுப் போடுவார்கள். ஆள் தானாக வீடு வந்து சேருவார். நவம்பரிலும் வரவில்லை என்றால் வெலிகமவில் தேடுங்கள்.